டப்பாவுக்குள் கடல்

"என் ஐஸ் பொட்டிய எவன் அறுத்தது?"

காத்தவராயன் போட்ட சத்தம் கோவளம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். மீனை ஐஸ் போட்டு வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் ஒரு பக்கத்தையே காணோம். காணாமல் போன பக்கம் சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டிய ஒரு மூடின டப்பாவாக மாறி, இரண்டு லென்ஸோடு மருமகன் அரசுவின் மடியில் உட்கார்ந்திருந்தது.

"மாமா, இது வி.ஆர். ஹெட்செட்டு. மேல இருக்கிற சந்துல போனைச் சொருகி மூஞ்சில மாட்டிக்கினா, கடலுக்குள்ளயே இருக்கிற மாதிரி தெரியும்."

"கடலு எதிர்லயே கீது. அத்த இன்னாத்துக்கு டப்பாக்குள்ள அடைக்கிற?"

"தண்ணில எறங்க பயப்படறவங்களுக்கு மாமா. மாமல்லபுரத்துல ஒரு ரிசார்ட்டுல கேட்டிருக்காங்க. நாளைக்குக் காட்டணும்."

அரசு செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இந்த டப்பா ஆசை வந்ததிலிருந்து கடை பாதி நேரம் சாத்தியே கிடக்கிறது. முதலில் அட்டையில் செய்தான். உப்புக் காற்றில் நமுத்துப் போனது. பிறகு பிளாஸ்டிக்கில் செய்தான். கனம் தாங்காமல் மூக்கு வீங்கியது. லென்ஸ் நூலளவு தள்ளினால் எல்லாம் மங்கல், நூலளவு கிட்டே வந்தால் ஒரு மீன் இரண்டாகத் தெரியும். அப்படி இரண்டாகப் பார்த்த பக்கத்து வீட்டு ஏசுபாதம், தின்ற நாஸ்தாவை வாசலிலேயே கக்கிவிட்டுப் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்.

ஒவ்வொரு தடவையும் முதலில் சிரித்தவர் காத்தவராயன்தான். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான். மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று பெற்ற மகளே சொல்லுவாள்.

"நைனா, வாய வெச்சுகினு சும்மா இரு," என்றாள் வினிதா உள்ளேயிருந்து. "அது நேத்துலருந்து சரியா சோறே துன்னல."

அரசு டப்பாவோடு எழுந்து நின்றான்.

"நீங்களே போட்டுப் பாருங்க மாமா. உங்களுக்குத் தெரியாத கடலா? சரியில்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, இத்தோட வுட்டுடறேன். ஜென்மத்துக்கும் தொட மாட்டேன்."

வினிதா கரண்டியோடு ஓடி வந்தாள். போயும் போயும் இவரிடமா கேட்பது?

அரசு டப்பாவை மாமனார் முகத்தில் வைத்து, வினிதாவின் பாவாடை நாடாவால் பின்மண்டையில் இறுக்கிக் கட்டினான்.

"இன்னா மாமா தெரியுது?"

காத்தவராயன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். வினிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடேயப்பா," என்றார் காத்தவராயன்.

"தெரியுதா?"

"இன்னா அப்டி கேட்டுட்ட? தோ, வஞ்சிரம் கூட்டமா போவுது பாரு."

"வஞ்சிரமா? அது வெளிநாட்டுக் கடல்ல எடுத்த வீடியோவாச்சே மாமா."

"மீனைப் பத்தி நீ எனக்குச் சொல்லாத. வஞ்சிரத்துக்கு இன்னா பாஸ்போர்ட்டா கேக்கறாங்க? நவுரு நவுரு, திருக்கை வருது."

திருக்கைக்கு வழிவிட்டு ஒதுங்கியவர், கையால் தண்ணீரைத் துழாவிக்கொண்டே பின்னால் போய், மீன் கூடைக்குள் உட்கார்ந்தார்.

"தல சுத்துதா மாமா? மங்கலா கீதா?"

"கண்ணாடி மாதிரி கீது. இத்தினி வருசமா கடலுக்குப் போறேன், இவ்ளோ தெளிவா நான் பாத்ததே இல்ல. நாளைக்கு தைரியமா எடுத்துகினு போ மாப்ள."

அரசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. வினிதா கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

அப்போது போன் அடித்தது. அரசுவின் சட்டைப் பையில்.

எடுத்துப் பார்த்தான். வீடியோ போட்டு வைத்திருந்த அதே போன். நாடா கட்டும் அவசரத்தில் அதை டப்பாவில் சொருகவே மறந்திருக்கிறான். அப்படியென்றால் டப்பாவுக்குள் இத்தனை நேரமும் கும்மிருட்டு.

வினிதா அப்பாவைப் பார்த்தாள். அரசு மாமனாரைப் பார்த்தான். போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

கூடைக்குள் உட்கார்ந்தபடி, டப்பாவைக் கழற்றாமலேயே காத்தவராயன் சொன்னார்:

"யாராச்சும் அந்த போனை எடுங்கப்பா. நான் இன்னும் கரைக்கு வர்ல."