கழுத்து வார்

“அப்பிடிக் கட்டுனா நிக்காதுங்க. இங்க குடுங்க” என்று பாப்பம்மா புருஷன் கையிலிருந்த பைனாகுலரைப் பறித்துக்கொண்டாள்.

காளிமுத்து கங்காணி மறுபேச்சில்லாமல் கொடுத்தான். கழுத்தில் தொங்கிய பழைய வார் முந்தாநாள் மாலை அறுந்து போனதிலிருந்து அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் ஹந்தானைத் தேயிலை மலை முழுக்கத் திரிந்தான். நேற்று மாலை கண்டிக்குப் போய்ப் புது வார் வாங்கி வந்தான். வாரின் நுனியை வளையத்தில் விட்டு ஒரு முடிச்சுப் போட்டதோடு அவன் கெட்டிக்காரத்தனம் தீர்ந்துவிட்டது.

“இம்புட்டுக் கனத்துக்கு ஒத்த முடிச்சா? குனிஞ்சா உருவிக்கிட்டுக் கல்லுல விழும். தொரை சாமானுங்க இது!”

“பெரட்டுக்கு நேரமாச்சு புள்ள. ஆள் கணக்கெடுக்க நான் போகணும்.”

“நானுந்தான் கொழுந்தெடுக்கப் போகணும். செத்த நில்லுங்க.”

வாரை வெளிப்பக்கமிருந்து வளையத்துக்குள் விட்டு மடித்தாள். பக்கிளில் நுழைத்து, மிச்ச நுனியை உள்பக்கமாகச் சொருகி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அதோடு விடாமல் கோணி ஊசியை எடுத்து மடிப்பின் மேல் தைக்கவும் ஆரம்பித்தாள்.

அவள் இத்தனை அக்கறையாகத் தைப்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு உடம்பு கூசியது. காட்டுப்பன்றி வருகிறதா என்று பார்க்கத்தான் துரை இதைக் கொடுத்தார் என்று அவளிடம் புளுகியிருந்தான். உண்மையில், கொழுந்தெடுக்காமல் உட்காருகிற பெண்களை எதிர்மலையிலிருந்து பார்த்துப் பெயர் சொல்ல வேண்டும். அதுதான் அவனுக்கு இட்ட வேலை. அந்தப் பெண்களில் பாப்பம்மாவும் ஒருத்தி. இது தெரிந்தால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஒரு மாதமாக அவன் கண்ணில் ஒருத்தியும் சிக்கவில்லை. எப்போது கண்ணாடியைத் தூக்கினாலும் எல்லாரும் நின்றபடி மும்முரமாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நம்ம பெண்கள் உழைப்பாளிகள் என்று அவனுக்குப் பெருமைகூட. துரைதான் நம்பவில்லை.

நேற்று துரை பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கண்ணில் வைத்தான். செடி மறைவில், அவர்கள் லயத்து வரிசையிலேயே குடியிருக்கும் வேலாயி உட்கார்ந்திருந்தாள். “யாரது?” என்று துரை அதட்டியதும் நாக்கு முந்திக்கொண்டது.

“நேத்து வேலாயிக்கு அரைப் பேருதானாம்” என்றாள் பாப்பம்மா, தலை நிமிராமல்.

“அப்பிடியா?”

“அரைநாள் சம்பளம் போச்சு. கால்ல அட்டை கடிச்சிருச்சு, அதப் புடுங்க உக்காந்திருக்கா. ராத்திரியெல்லாம் லயத்துல ஒரே அழுகை. ஒங்களுக்குக் கேக்கலையா?”

கேட்டது. போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டும் கேட்டது.

“எவன் காட்டிக் குடுத்தானோ” என்றான் மெதுவாக. சொன்ன வாயை அப்போதே கழுவ வேண்டும் போலிருந்தது.

பாப்பம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த பக்கத்து வளையத்துக்கும் அதேபோல் மடித்து, சொருகி, தைத்தாள். இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தாள். இம்மியும் அசையவில்லை.

“இனி ஒங்க தல கழண்டாலும் இது கழலாது.”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எவளோ ஒருத்தியை மாட்டிவிடுகிற சாமானுக்கு இவள் ஊசியால் விரலைக் குத்திக்கொண்டு தைத்திருக்கிறாளே! சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான்.

“பாப்பம்மா… பன்னி பாக்கன்னு நான் சொன்னது…”

அவன் முடிப்பதற்குள் அவள் வாரை அவன் கழுத்தில் மாட்டினாள். கோட்டுக்கு வெளியே, நெஞ்சுக்கு நடுவில் பைனாகுலரை இழுத்துவிட்டு, முந்தானையால் அதன் கண்ணாடிகளைப் பளபளவென்று துடைத்தாள்.

“இனிமே கோட்டுக்குள்ள ஒளிச்சு வைக்காதீங்க” என்றாள். “ஒங்க நெஞ்சுல இது வெயில்ல மின்னுறதப் பாத்துத்தான், ஒரு மாசமா நாங்க அத்தன பேரும் எந்திரிச்சு நின்னுக்கிட்டிருந்தோம்.”