பதினான்காம் பக்கம்

"மனுஷ உடம்புல வெட்கப்பட வேண்டிய இடம்னு ஒண்ணு கிடையாது. பகவான் வரைஞ்ச படத்துல திருத்தம் போட நாம யாரு?" என்றார் பட்டாபி.

சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவால் பதினான்காம் பக்கத்தின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தார்.

ஜானவி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலையாளம் பேசும் ஊரான கரமனையில் நர்சரிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவள். பள்ளி விட்டு வந்து மாலை மாலையாக உட்கார்ந்து ஒரு வருஷம் வரைந்த படங்கள் அவை. 'என் உடம்பு' என்று புத்தகத்துக்குப் பெயர். குடியிருப்போர் சங்கம் அச்சுப்போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தது. சங்கத் தலைவர் பட்டாபி கையெழுத்துப் போட்டால் இன்று சாயங்காலமே அச்சகத்துக்குப் போய்விடும்.

பட்டாபி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பிறர் எழுதியதைத் திருத்தும் பழக்கத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. 'கண்' என்ற பக்கத்தில் 'நயனம்' என்று சேர்க்கச் சொன்னார். தொப்புளுக்குத் தத்துவ விளக்கம் ஒன்று வேண்டும் என்றார். அதற்கெல்லாம் ஜானவி தலையாட்டினாள். பதினான்காம் பக்கத்துக்கு மட்டும் ஆட்டவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வாண்டு சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து நிற்கிறது. பின்பக்கம் முழுக்கச் சேறு. அதைக் காட்டி ஓர் அம்பு. கீழே, 'தொப்பென்று விழுந்தேன். என்னைத் தாங்கியது என் சந்தி.'

"தாங்கியது பூமின்னு மாத்திடு" என்றார் பட்டாபி.

"பூமி உடம்புல இல்லையே மாமா."

"அப்போ பக்கத்தையே எடுத்துடலாம். முதுகு முடிஞ்சதும் தொடை."

"முதுகுக்கு அடியில நேரா தொடையா?" உள்ளேயிருந்து காபியோடு வந்த அவர் மனைவி சாவித்ரி கேட்டாள். "இந்தக் குழந்தை எதுல உட்காரும்? முதல்ல நீங்க உட்காருங்கோ. காலம்பறலேர்ந்து நின்னுண்டே இருக்கேள். முட்டி வலிக்கறவன் நிக்கறதை இங்கதான் பார்க்கறேன்."

பட்டாபியின் இரண்டு முழங்கால்களும் வைத்தியர் கொடுத்த குழம்புத் தைலத்தில் பளபளவென்று இருந்தன. மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழிருந்து வந்த அந்த வாசனை கூடத்தை நிறைத்திருந்தது. உட்கார்ந்தால் சிந்தனையும் சேர்ந்து உட்கார்ந்துவிடும் என்று அவர் மனைவிக்குப் பதில் சொன்னார். பெரிய விஷயங்களை நின்றபடி பேசுவதுதான் முறை என்றார். காபியையும் நின்றபடியே குடித்தார்.

பிறகு சொல்லாராய்ச்சியில் இறங்கினார். தமிழில் சந்தி என்றால் நாலு தெரு கூடும் இடம். மலையாளத்தில் அது இரண்டு சொல்.

"மெல்லச் சொன்னா எலும்பு மூட்டு. சந்தி வேதனைன்னு வைத்தியன்மார் சொல்லுவா, கேட்டிருப்பே. முதல் எழுத்தை அழுத்திச் சொன்னாத்தான் நீ வரைஞ்ச சமாச்சாரம். அழுத்திச் சொல்ற வழக்கம் நம்மாத்துல கிடையாது."

"குழந்தைகளாத்துல உண்டு மாமா. அதுகளுக்கு வேற பேர் தெரியாது, கேட்டேளா? பிட்டம்னு சொன்னா பிட்டுன்னு நினைச்சுண்டு தட்டை நீட்டும்."

சாவித்ரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பட்டாபி சிரிக்கவில்லை. பேனாவின் மூடியைத் திருகினார். இந்தப் பக்கம் இருந்தால் கையெழுத்து இல்லை என்றார்.

ஜானவி படங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள். கண், காது, தொப்புள், முழங்கால். கட்டி முடித்து மடியில் வைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"என் கிளாஸ்ல ஒரு குழந்தைக்கு அங்க ஒரு கட்டி வந்துது மாமா. அந்தப் பேரைச் சொல்லப்படாது, அசிங்கம்னு ஆத்துல சொல்லிவச்சிருக்கா. அது என்ன பண்ணும்? வயிறு வலிக்கறதுன்னு சொல்லித்து. வயித்துக்கு மருந்து கொடுத்தா. அதையும் சமத்தா குடிச்சுண்டு, வலியையும் பொறுத்துண்டு இருந்துது. அதுக்காகத்தான் இந்தப் பக்கமே வரைஞ்சேன். இது இல்லாம புஸ்தகம் வேண்டாம்."

பட்டாபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கோபத்தை அடக்குகிறார் என்று சாவித்ரி நினைத்தாள்.

திரும்பியபோது அவர் முகம் என்னவோ போல் இருந்தது.

"அந்தப் பக்கத்தை எடு."

ஜானவி தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தாள்.

"புதுசா ஒண்ணு வரை. எழுத்தைப் பெரிசாப் போடு. அம்பு ரொம்ப ஒல்லியா இருக்கு, தடிமனா வரை. எந்த இடம்னு பார்க்கறவாளுக்குச் சந்தேகமே வரப்படாது."

முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். நின்றபடியே. ஜானவிக்குக் கண் கலங்கிவிட்டது. மாமாவுக்கு எத்தனை பெரிய மனசு என்று சாவித்ரியிடம் சொன்னாள். நாற்பது வருஷத்தில் தனக்கே இன்றுதான் தெரிகிறது என்றாள் சாவித்ரி.

சிவப்புக் கோடு போட்ட அந்தத் தாளை மட்டும் பட்டாபி தனக்கென்று கேட்டு வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வைத்தியரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். ஆட்டோ வேண்டாம், பஸ்ஸில் நின்றுகொண்டே போய்விடலாம் என்றார்.

"முட்டுவேதன குறவுண்டோ, சாமீ?" என்று முழங்காலைப் பார்த்துக் கேட்டார் வைத்தியர்.

பட்டாபி தாளை விரித்து மேசைமேல் வைத்தார். அம்பு முடியும் இடத்தில் விரலை வைத்தார்.

போன வாரம் இதே இடத்தில் நின்று 'சந்தி' என்பதை அவர் மெல்லத்தான் சொல்லியிருந்தார், வைத்தியர் முழங்காலை அழுத்தி, "இவிடயோ?" என்று கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டியும் இருந்தார். அவருக்குக் கட்டி இருந்தது பதினான்காம் பக்கத்தில்.