கூடையின் மறு காது

முதல் பந்தி எழுந்து கால் மணி நேரம் ஆகியும் இலைகள் அப்படியே கிடந்தன.

அவன் பந்தல் காலருகே நின்றிருந்தான். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

கிறிஸ்தவக் கோயிலின் வருஷாந்திர அசனம். சபை முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். இலை எடுக்கக் கீழத் தெருவிலிருந்து இந்த வருஷம் ஒருவரும் வரவில்லை.

அவர்களை ஏன் குறை சொல்ல வேண்டும்? அவனும் அந்தத் தெருவில் பிறந்தவன்தான்.

அவன் அப்பா வேதமுத்து இருபத்தைந்து அசனங்களுக்கு இலை எடுத்தவர். கூடையைத் தலையில் ஏற்றி, குழம்பு கழுத்தில் வழிய, கடைசிப் பந்தி முடியும்வரை நடப்பார். சாகக் கிடக்கும்போது மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எந்த வேலைன்னாலும் செய்யி. எச்சி இலையில மட்டும் கை வைக்காத."

சரி என்றான். தலைமையாசிரியர் ஆனான். இன்றுவரை அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான்.

காலையில் போதகர் விடுதலையைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கித்தார். விடுதலை பெற்றவன்தான் மனதார அடுத்தவனுக்கு ஊழியம் செய்ய முடியும் என்றார். சபை உரக்க ஆமென் சொன்னது. அந்த ஆமென்கள் எல்லாம் இப்போது வேப்பமர நிழலில் பல் குத்திக்கொண்டிருந்தன.

அடுத்த பந்திக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். நிறைமாதக்காரி ஒருத்தி பந்தல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள்.

அவன் முதல் இலையருகே போனான்.

மன்னிச்சிருங்கப்பா.

சட்டைக் கையை மடித்துக் குனிந்தான்.

யாரும் ஏவவில்லை. அவனாகவே குனிந்தான். வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தான். இல்லை.

மூன்று இலைகளை ஒன்றாகச் சுருட்டிப் பக்கத்தில் கிடந்த கூடையில் போட்டான். ஒரு சொட்டு கீழே விழவில்லை.

நிழலிலிருந்து சபைச் செயலாளர் ஜெபமணி அண்ணாச்சி மெச்சிக்கொண்டார். மற்ற நாட்களில் அவனை சார் என்று கூப்பிடுகிறவர்.

"வேதமுத்து கை அப்படியே இருக்கு பாத்தியளா! இனி கவலையில்ல. இவன் பாத்துக்கிடுவான்."

அவன் கை நின்றது.

அப்பா எதற்குப் பயந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

விட்டுவிட்டுப் போனால் அந்தப் பெண் வெயிலில் நிற்பாள். எடுத்து முடித்தால் அடுத்த வருஷம் ஆளனுப்பிக் கூப்பிடுவார்கள்.

கடைசி இலைவரை எடுத்தான்.

பிடித்துத் தூக்க இரண்டு காது வைத்த பெரிய பிரம்புக் கூடை. நிறைந்துவிட்டது. அப்பா அதைத் தனியாகத் தலைக்கு ஏற்றுவார்.

அவன் ஏற்றவில்லை. வேப்பமரம்வரை இழுத்துக்கொண்டு போய் ஜெபமணி அண்ணாச்சியின் செருப்பருகே நிறுத்தினான். குனிந்து ஒரு காதைப் பிடித்தான்.

"அண்ணாச்சி, அந்தப் பக்கம் பிடிங்க."

பந்தலில் புது இலை விழுந்தது. நிறைமாதக்காரி உட்கார்ந்துவிட்டாள்.

அவன் குனிந்தபடியே இருந்தான்.

கூடையின் மறு காதைச் சபையே பார்த்துக்கொண்டிருந்தது.