இறுக்கி மூடிய வால்வு

அன்று தெருக் குழாய்களைக் கழுவும் நாள். பத்து மணிக்குள் வீட்டு வால்வை மூடாவிட்டால் சேறு உள்ளே வந்துவிடும் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவளும் நாத்தனாரும் கடைசி நிமிஷம் வரை குழாயடியில் நின்று அண்டா, வாளி, டீ குவளை வரை நிரப்பினார்கள். வால்வை மறந்தே போனார்கள். அது எப்போதும் அவள் கணவரின் வேலை. அவர் இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

நினைவு வந்து கொல்லைக்கு ஓடினாள். வால்வு மூடியிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மாலையில் இருவரும் சேர்ந்து முக்கியும் அதைத் திறக்க முடியவில்லை. ஃபிட்டர் வந்து பார்த்தார்.

"மூடச் சொன்னா கழுத்தை நெரிச்சு வச்சிருக்கீங்களேம்மா!"

"எங்க அண்ணன் இப்படித்தான் மூடுவார். மருந்து பாட்டிலைக்கூட அண்ணியால திறக்க முடியாது," என்று சிரிக்கப்போன நாத்தனார், பாதியில் நிறுத்தினாள்.

ஃபிட்டர் ஸ்பேனரை எடுத்தார். அவள் வால்வைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"வேண்டாங்க. இப்படியே இருக்கட்டும்."

"தண்ணி வராதேம்மா?"

"பரவாயில்லைங்க."

இன்றோடு ஒன்பது நாள். இருவரும் எதிர்வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமக்கிறார்கள். நாத்தனார் ஏனென்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.