செபஸ்தியாம்பிள்ளையின் கறுப்புத் திரை

"தம்பி றெனோல்ட், காலமை வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. தன்னைப் புதுசாக்கட்டோ எண்டு அதுவாக் கேட்டது. மரியாதையாக் கேக்குதே எண்டு நானும் ஓம் எண்டு அமத்தினன். இப்ப பாரும், கரிச்சட்டி!"

செபஸ்தியாம்பிள்ளை பேஸ்மென்ட் மேசையில் இருந்த பெரிய திரையைச் சுட்டிக்காட்டினார். பக்கத்தில் மடிக்கணினி பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அதோடு இணைத்த பெரிய திரையில் மட்டும் ஒரு பொட்டு வெளிச்சமில்லை. ஞாயிறு பூசைப் பாட்டுகளை அவர் அதில் வைத்துத்தான் தட்டச்சு செய்வார். சின்ன எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது.

"நான் பாக்கிறன் அங்கிள். நீங்கள் மேல போங்கோ."

"ஓம், எமிலியானுஸ் வந்து இருக்கிறார். முக்கியமான அலுவல். செலீன்! தம்பிக்கு ரோச் லைட்டைப் பிடி."

மகளைக் கூப்பிட்டுவிட்டு அவர் படியேறிப் போனார்.

அலுவல் என்னவென்று றெனோல்டுக்குத் தெரியும். வில்லரேயில் இருக்கும் தன் வீட்டிலிருந்து இங்கே டொலார்ட் வரை காரை விரட்டிக்கொண்டு வந்ததே அதற்காகத்தான். செலீனின் மாமா எமிலியானுஸ், ரொறன்ரோவிலிருந்து ஒரு பல் டொக்டரின் சம்பந்தத்தோடு வந்திருந்தார். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் செபஸ்தியாம்பிள்ளை வாக்குக் கொடுத்துவிடுவார். கொடுத்த வாக்கை மாற்றுகிற மனிதர் அல்ல. அதற்கு முன்னால் றெனோல்ட் வாயைத் திறந்தாக வேண்டும். அந்த வாய்தான் அவரைக் கண்டால் ஒட்டிக்கொள்கிறது.

செலீன் ரோச் லைட்டோடு இறங்கி வந்தாள். வந்ததும் கூரையில் இருந்த ஹீட்டர் துவாரத்தைக் கண்ணால் காட்டினாள். கீழே தும்மினால் மேலே கேட்கிற வீடு அது.

"கேபிள் இறுக்கமா இருக்கோ?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"கழட்டித் திருப்பிப் போட்டனான். ஒருக்கா ஓவ் பண்ணி எழுப்புவம்."

மடிக்கணினி உறங்கி எழுந்தது. பெரிய திரை எழும்பவில்லை. ஆனால் இரண்டாவது திரை இணைந்திருக்கிறது, அதிலும் இதே காட்சிதான் தெரிகிறது, எல்லாம் நலம் என்று மடிக்கணினி சாதித்தது.

"பச்சைப் பொய் சொல்லுது," என்றான் றெனோல்ட்.

செலீன் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினாள்: 'மாமா மாப்பிள்ளையின்ர படத்தை வெளிய எடுத்திட்டார். எப்ப கேக்கப் போறீங்கள்?'

சத்தமில்லாமல் பேச நல்ல வழி! றெனோல்டும் தட்டினான்: 'உம்மட அப்பாவைப் பாத்தால் நாக்கு வறண்டு போகுது.'

'பாட்டுக் குழுவில அவருக்குப் பக்கத்தில நிண்டு பாடுறீங்கள்தானே?'

'அவர் பாடுறதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிக்கிறன். உமக்காக இதைவிடப் பெரிய தியாகம் வேற என்ன செய்ய?'

மேலே யாரோ குபீரென்று சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் அமுங்கியது. பிறகு ஒரு பேச்சுமில்லை.

'அமைதியாகிட்டினம். முடிவெடுக்கினம் போல!' செலீனின் விரல்கள் பறந்தன. 'பேசாமல் நாங்கள் போய்க் கலியாணப் பதிவை எழுதுவம். பேந்து சொல்லுவம்.'

றெனோல்ட் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான்: 'அது மட்டும் வேண்டாம். உம்மட அப்பா உம்மட கையைப் பிடிச்சுப் கோயில் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு வரவேணும். அவரை ஏமாத்தி எனக்கு ஒரு கலியாணம் தேவையில்லை.'

செலீன் மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன பிள்ளை, தடிமனோ?" மேலேயிருந்து தாய் மாக்கிரட்டின் குரல் வந்தது. அந்தக் குரலும் கரகரத்தது.

"இல்லையம்மா, கேபிளெல்லாம் தூசி!"

'அப்ப இப்பவே மேல போய்க் கேளுங்கோ,' என்று தட்டினாள்.

'என்னெண்டு தொடங்கிறது?'

'உங்களுக்கு ஒண்டும் தொடங்கத் தெரியாது. அப்பாவை விடுங்கோ. என்னட்டையாவது இதுவரைக்கும் ஒழுங்கா ஒருக்காக் கேட்டிருக்கிறீங்களா?'

றெனோல்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். கேட்டதில்லை. பூசை முடிந்து காரில் இறக்கிவிட்டிருக்கிறான், குளிருக்குக் கையுறையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான், அவளுக்காகச் சண்டைகூடப் பிடித்திருக்கிறான். கேட்க மட்டும் இல்லை.

விரல்களை விசைப்பலகைமேல் வைத்தான். 'செலீன்,' என்று மட்டும் தட்டிவிட்டு நின்றான்.

படியின் உச்சியிலிருந்து செபஸ்தியாம்பிள்ளையின் குரல் இடியாக இறங்கியது.

"தம்பி, நிப்பாட்டாதையும்! உங்கட எழுத்து முழுக்க இஞ்ச ஹோலில எங்கட பெரிய ரிவித் திரையிலதான் விழுந்துகொண்டிருக்குது. மாக்கிரட்டுக்கு இங்கிலீஸ் எழுத்தில தமிழ் ஓடாது, அவவின்ர காதுக்குள்ள வாசிச்சு வாசிச்சு நானும் களைச்சுப் போனன். கெதியாக் கேளும், அவள் ஓம் எண்டு எழுதினால்தானே நாங்களும் ஓம் சொல்லலாம்!"