சலவைக்கூடத்து வகுப்பு

"அக்கா, மெதுவாப் பேசுங்க. சிடுமூஞ்சி இந்தப் பக்கம்தான் பாக்குது."

வாயாடி சொல்லி முடிக்கும் முன்பே, இஸ்திரி அக்கா கணக்கு நோட்டின் மேல் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கி வைத்துவிட்டாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் சூப்பர்வைசருக்கு ஊழியர்கள் வைத்த பெயர்தான் சிடுமூஞ்சி. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இஸ்திரி அக்காவுக்கு வயது முப்பத்தாறு. ஒன்பதாவதோடு நின்ற படிப்பை இப்போது தூசி தட்டி எடுத்திருக்கிறாள். பத்தாவது பாஸ் செய்தால் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. நாளெல்லாம் நீராவியில் வேக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கொடுக்கும் வீட்டுப்பாடம்தான் அவளைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது.

அதே வகுப்புக்கு இன்னும் இரண்டு பேர் போனார்கள். விரிப்புகளை மடிக்கும் வாயாடி ஒருத்தி. அழுக்குத் துணி வண்டி தள்ளும் அண்ணன் இன்னொருவர்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் அக்கா அவர்களிடம் வந்து நோட்டை நீட்டினாள். "அண்ணே, இதை நீங்களே வச்சுக்கோங்க. நான் நின்னுக்கறேன். எக்ஸை அந்தப் பக்கம் கொண்டுபோ, குறியை மாத்துங்கறாங்க. ஏன் மாத்தணும்? என் மண்டையில களிமண்ணுதான் இருக்கு."

"களிமண்ணு இருக்கறவ ஏன்னு கேட்கமாட்டா, தங்கச்சி. உட்காரு." அண்ணன் மேசையில் தராசு ஒன்றை வரைந்தார். "ரெண்டு தட்டும் சமமா நிக்குது. இந்தத் தட்டுல இருக்கற மூட்டையில ஏழு விரிப்பு குறையுது. அதை நீ நிரப்பணும். ஏழு வைக்கிற. இப்ப என்ன ஆகும்?"

"சாஞ்சிடும்."

"சாயாம இருக்க?"

"அந்தத் தட்டுலயும் ஏழு வைக்கணும்." சொல்லிவிட்டு அக்கா தராசுப் படத்தின் மேல் குனிந்தாள். "அட, இவ்வளவுதானா! குறி மாறலைண்ணே. ரெண்டு பக்கமும் கூட்டறோம்!"

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரம் பாட நேரமானது. கணக்குக்கு அண்ணன், அறிவியலுக்கு வாயாடி. அழுத்தம் என்றால் என்னவென்று புத்தகம் அரைப் பக்கம் சுற்றி வளைத்ததை வாயாடி ஒரே மூச்சில் சொன்னாள்: "இஸ்திரிப் பெட்டியைப் படுக்க வச்சா துணி தாங்குது. முனையால அழுத்தினா பள்ளம் விழுது. எடை அதேதான். படற இடம் சின்னது, அதான் அழுத்தம் அதிகம். முடிஞ்சுது கதை!"

ஆனால் சூப்பர்வைசர் விடவில்லை. மூன்றாம் நாளே பூனை மாதிரி வந்து நின்றார்.

"அந்த மூலையில என்ன ரகசியம்? நாளையிலிருந்து என் ரூம் ஜன்னலுக்குக் கீழ மேசையைப் போட்டுச் சாப்பிடுங்க."

"கண்காணிப்பாம்!" என்று முணுமுணுத்தாள் வாயாடி.

அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் துணி உலர்த்தும் இயந்திரத்தையும் நிறுத்தச் சொன்னார். "கரண்ட் என்ன சும்மாவா வருது?"

நேற்று முன்தினம் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி அதட்டினார். "என்ன குசுகுசுன்னு? பேசறதை வாயைத் திறந்து பேசுங்க!"

மூவரும் நோட்டுகளை மூடி வைத்தார்கள். ஆளுக்கொரு ஷிப்டில் தூக்கிப் போட்டால் எல்லாம் போயிற்று. பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

ஆனாலும் நேற்று அக்கா பின்வாங்கவில்லை. வாயாடிக்குக் கணக்கு வரவில்லை என்றதும் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு எக்ஸ் கழித்தல் ஏழு, சமம், எக்ஸ் கூட்டல் ஐந்து. வரி வரியாக அவளே சொல்லிக்கொடுத்தாள். எக்ஸ் பன்னிரண்டு என்று வந்தபோது அண்ணன் மேசையைத் தட்டிப் பாராட்டினார்.

இன்று டப்பாவைத் திறக்கக்கூட விடவில்லை. சூப்பர்வைசர் நேரே வந்தார். டப்பாவைத் தூக்கினார், நோட்டைப் பார்த்தார்.

"மூணு பேரும் ரூமுக்கு வாங்க."

வந்தது வினை என்றது வாயாடியின் முகம். அண்ணன் தொண்டையைச் செருமினார். அக்காவோ நோட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு மாதம் முன்பு என்றால் அவள் அழுதிருப்பாள்.

"சார், முதல்ல நான் பேசிடறேன். எங்களால ஒரு வார்டுக்காவது விரிப்பு லேட்டாப் போயிருக்கா? சாப்பாட்டு நேரம் எங்க நேரம். நாங்க பத்தாவது எழுதப் போறோம். நீங்க ஷிப்டை மாத்தினாலும் படிப்போம். பிரிச்சுப் போட்டா போன்ல படிப்போம். இனிமே நோட்டை மறைக்கமாட்டோம்."

சூப்பர்வைசர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வெளியே யாருமில்லை என்று ஜன்னல் வழியே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"ஷிப்டை மாத்தறதா? என் பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுடாதீங்கம்மா! சர்டிபிகேட் இல்லாத சூப்பர்வைசரை இனி வச்சுக்கமாட்டோம்னு மேலிடத்துல சொல்லிட்டாங்க, நீங்க எழுதற அதே பரீட்சையைத்தான் நானும் எழுதறேன்." குரலைத் தாழ்த்தி, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். "நேத்து நீங்க சொன்னது மூணாவது வரி வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு, அப்புறம் இந்தப் பாழாப்போன போன் அடிச்சிடுச்சு... அந்த எக்ஸ் எப்படிம்மா பன்னிரண்டு ஆச்சு?"