பட்டென்று சொல்லக் கூடாது

வேலூரிலிருந்து திரும்பிய சாவித்திரி கணவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அடுப்பங்கரைக்குப் போனாள்.

அவள் போகிற போக்கிலேயே ராஜவேலு கவனித்துவிட்டார். அவள் கண் இரண்டும் சிவந்து கிடந்தன.

கட்டிலில் படுத்திருந்த மனுஷன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

நாற்பது நாளுக்கு முன் பட்டுத்தறியில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வேலூர் டாக்டர் மாத்திரை கொடுத்ததோடு நிற்காமல் சாவித்திரிக்கு ஒரு கட்டளையும் போட்டார். மனசு அதிரக் கூடாது, எந்தச் சேதியையும் பட்டென்று சொல்லக் கூடாது.

அன்றிலிருந்து அவள் போலீஸ்காரி ஆகிவிட்டாள். ரேடியோவைத் துணி போட்டு மூடினாள். பேப்பரை நிறுத்தினாள். பார்க்க வந்தவர்களை வாசலோடு அனுப்பினாள். ஆரணியில் இருந்துகொண்டே ஆரணியில் என்ன நடக்கிறதென்று ராஜவேலுவுக்குத் தெரியாது.

தெரிந்ததெல்லாம் தன் நெஞ்சுத் துடிப்புதான். நாளெல்லாம் அதை எண்ணிக்கொண்டே படுத்திருப்பார். எண்ணிக்கை தப்பினால் வேர்த்துக் கொட்டும். வலி எப்போதோ போய்விட்டது. பயம்தான் போகவில்லை.

போன வாரம் எடுத்த ஈ.சி.ஜி.க்கு இன்றைக்குத்தான் பதில். பஸ் குலுக்கல் அவருக்கு ஆகாதென்று அவள் மட்டும் போய்வந்தாள். வந்தவள் அடுப்பங்கரையை விட்டு வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்துத் தறிக்காரன் சடையன் வந்து நின்றான். அவன் கண்ணும் கோவைப்பழம். ராஜவேலு ஏறிட்டுப் பார்த்ததும் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். கையில் வாழையிலைப் பொட்டலம். அதில் வெள்ளை வெளேரென்று பூ.

ஊருக்கே தெரிந்துவிட்டது, தனக்குத்தான் சொல்லவில்லை. பூகூட வந்துவிட்டது.

"சாவித்திரி, இங்க வா. தறியில நிக்கிற பொடவைய சடையன் முடிச்சிடட்டும். நீ மட்டும் வெள்ளப் பொடவ கட்டாத, தெரிதா? கலர்லயே இரு."

அவள் வந்து நின்றாள். தலை குனிந்தே இருந்தது.

சடையன்தான் பதறிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தான். "இன்னா பேச்சுணா இது? இது மெட்ராஸ் ஐ-ணா! ஊரே கண்ணு செவந்துகினு கெடக்குது. ஒலகத்தையே சுத்திகினு வருதாம். பாத்தா ஒனக்கும் ஒட்டிக்கும்னு திரும்பி நின்னேன். இது கண்ணுல ஒத்திக்கிற நந்தியாவட்டப் பூ. அண்ணியும் கண்ணு செவந்து பஸ்ஸ வுட்டு எறங்குச்சே, அதான் கொண்டாந்தேன்."

ராஜவேலுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது நாளில் முதல் சிரிப்பு. கண்ணோய்க்குப் போய் உயில் எழுதாத குறையாகப் பேசிவிட்டாரே! சடையனும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். பொட்டலத்தை ஜன்னல் வழியே நீட்டிவிட்டுப் போனான்.

ராஜவேலு மெல்ல எழுந்து உட்கார்ந்தார். ஒரு பூவை எடுத்து, மனைவியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

சடையன் கண்ணில் பீளை கட்டியிருந்தது. இவள் கண்ணில் வெறும் தண்ணீர்தான்.

பூ பிடித்த கை அப்படியே நின்றது.

"எனக்கு ஒண்ணும் ஒட்டலைங்க" என்றாள் சாவித்திரி. "நெஞ்சு தேறிடுச்சாம். அடுத்த மாசம் தறியில குந்தலாமாம். நல்ல சேதியக்கூட பட்டுனு சொல்லாதன்னாரு டாக்டரு. எப்டி மெதுவா சொல்றதுன்னு பஸ்ஸுல கண்ணமங்கலத்துலேர்ந்து யோசிச்சிகினே வந்தேன். அழுகதான் வந்துச்சி. உங்க மூஞ்சப் பாத்தா கொட்டிடுவேன்னுதான் பாக்கல."

ராஜவேலுவின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

அதை எண்ண வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.